என் வாயை அடக்கித் தந்த படிப்பு

நான் ஒரு பிள்ளையைச் சொல்லால் அடித்தேன். அந்தப் பிள்ளை உயிர் பிழைத்தது கர்த்தருடைய கிருபை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் சாட்சியை நான் சில இடங்களில் பாதியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ஆன்லைனில் படித்தேன், இந்த வயதிலும் பட்டம் வாங்கினேன், தேவன் நல்லவர் என்று முடித்திருக்கிறேன். எல்லாரும் கை தட்டினார்கள். அது முழு உண்மை அல்ல.

என் பெயர் ஸ்டெல்லா. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். இது நடந்தபோது அங்கே சேர்ந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. என் கணவர் அருள் மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எனக்கு நல்ல டீச்சர் என்று பெயர் இருந்தது. என் வகுப்பில் யாரும் தலை தூக்க மாட்டார்கள். அதைத்தான் நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பவித்ரா அப்போது ஒன்பதாம் வகுப்பு. மாரமங்கலத்துப் பிள்ளை, எங்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அப்பாவுக்கு மலைச்சரிவில் கொஞ்சம் காபியும் மிளகும் இருந்தன. காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் பதினோரு மார்க். விடைத்தாளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். பிறகு சொன்னேன்:

"மொளகு பறிக்கிற கைக்குப் பேனா எதுக்குடி? ஊட்டுக்குப் போய் உங்கப்பன்கூட ஏணியில ஏறு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் அழவில்லை. விடைத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஜெபவேளையில் அவள் இல்லை. ஹாஸ்டலில் தேடினார்கள், பஸ் ஸ்டாண்டில் தேடினார்கள். மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மதியம் ஆனது. அவள் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்று தகவல் வந்தது. பள்ளி ஜெப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தேன். பதினேழு வருடம் ஜெபக்கூட்டம் நடத்தியவளுக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "உயிரோட குடுங்க ஆண்டவரே." அது மட்டும்தான். திரும்பத் திரும்ப அது மட்டும்தான்.

நாலு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். குறுக்கு வழியில் நடந்தே வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு எஸ்டேட்டுக்குள் இறங்கியிருக்கிறாள். சரிவில் வழுக்கிக் கீழே விழுந்திருக்கிறாள். வலது கால் எலும்பு முறிந்து, காலை எட்டு மணியிலிருந்து மழையிலேயே கிடந்திருக்கிறாள். வேலை முடிந்து திரும்பிய பெண்கள் முனகல் கேட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார்கள்.

உயிரோடு இருந்தாள். என் ஜெபம் கேட்கப்பட்டது. ஆனால் அன்று சாயங்காலமே நான் பொய் சொன்னேன்.

"கிளாஸ்ல ஏதாச்சும் நடந்துச்சுங்களா டீச்சர்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"மார்க் கம்மிங்க. கொஞ்சம் திட்டுனேன்," என்றேன்.

கொஞ்சம்.

இரண்டு வாரம் கழித்துப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு மாரமங்கலம் போனேன். பவித்ராவின் அப்பா வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். கோபமாகப் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஏனுங்க டீச்சர், வந்தது சந்தோசமுங்க. ஆனா உங்க பேரச் சொன்னாலே புள்ள சாப்பிட மாட்டேங்குது. கெளம்புங்க, அடுத்த பஸ் வந்துரும்," என்றார். யாரிடமும் அவர் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பவித்ரா எங்கள் பள்ளிக்குத் திரும்பி வரவே இல்லை. கால் கூடியதும் அவளை மாரமங்கலம் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆலயத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தை நான் எடுக்கவில்லை. எல்லாரும் எழுந்து போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நடந்து போகும் வழியில் அருளிடம் நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

"நீ அழுதுட்டே இருந்தா அந்தப் புள்ளைக்கு என்ன ஆவப்போகுது ஸ்டெல்லா? இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆவாம இருக்க என்ன பண்ணலாம், அதை யோசி," என்றார்.

அந்த வாரமே ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை ஒன்று சொன்னார். பள்ளிக்கு ஒரு கவுன்சலர் வேண்டும். வெளியிலிருந்து மலைக்கு வர யாரும் சம்மதிக்கவில்லை. நம்மில் ஒருவர் ஆன்லைனில் முதுகலை படித்தால் நல்லது. யார் படிக்கிறீர்கள்? எல்லாரும் குனிந்துகொண்டார்கள். என் கை எழுந்தது. அதை நான் தூக்கினேன் என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"நீங்களா?" என்றார் அவர்.

பள்ளி மாணவர்களுக்கான ஆலோசனையில் இரண்டு வருட முதுகலை. மாலை ஆறு மணிக்கு வகுப்பு. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. எஸ்டேட்டுக்கு மேலே ரோட்டு வளைவில் மட்டும் கிடைக்கும். அங்கே ஒரு கல்லின் மேல் குடையோடு உட்கார்ந்து, மூக்குக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். புத்தகமெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழ் வழியில் படித்தவள். முதல் பருவத்தில் ஒரு பேப்பர் போயிற்று. விஷயம் தெரிந்து எங்கள் சபைப் போதகர் ஐயர் ஆலயத்துப் பின்னறைச் சாவியைக் கையில் கொடுத்தார். அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. பேப்பர்களை ஒவ்வொன்றாகத் தாண்டினேன்.

தாண்ட முடியாதது செய்முறைதான். வகுப்பில் ஒருவர் மாணவராகப் பேச வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். பதினைந்து நிமிடம். புத்தி சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. என் பதிவைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேராசிரியை சொன்னார்: "ஸ்டெல்லா, இரண்டாவது நிமிஷத்துலயே தீர்ப்பு சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணு இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவையும் தோற்றால் படிப்பு அவ்வளவுதான். என்னால் ஒரு பிள்ளை பேசுவதைப் பதினைந்து நிமிடம் கேட்க முடியவில்லை! இத்தனை வருடத்தில் ஒருத்தி பேசுவதையும் நான் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆலயத்துப் பின்னறையில் தரையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, பட்டம் வேண்டாம். என் வாயை மட்டும் அடக்கித் தாரும்," என்று அழுதேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் கால்மணி நேரம் ஜெபத்தில் எதுவும் கேட்காமல் சும்மா உட்காரப் பழகினேன். முதலில் அது நரகமாக இருந்தது. போகப்போக அதற்காகவே எழுந்தேன். மூன்றாவது தடவை தேறினேன்.

கடைசிப் பருவத்தில் வேறு ஏதாவது ஒரு பள்ளியில் மூன்று மாதம் பயிற்சி செய்ய வேண்டும். நாலைந்து பள்ளிகளில் கேட்டேன். ஒரே ஒரு தலைமையாசிரியர்தான் சம்மதித்தார். "வாங்க மேடம், வாங்க. எங்க புள்ளைங்க சொல்றதக் காது குடுத்துக் கேக்க ஆளே இல்லைங்க," என்றார். அது மாரமங்கலம் பள்ளி.

அங்கே மட்டும் வேண்டாம் என்று ஜெபித்தேன். வேறு எந்தக் கதவும் திறக்காததுதான் அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில்.

பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்களா அந்தப் பொண்ணைத் தேடிப் போகக் கூடாது. மன்னிப்பு வேணும்ங்கறது உங்க தேவை. அதை அவ தலையில வைக்காதீங்க. அவளுக்கு நீங்க ஆலோசகராவும் இருக்க முடியாது." மாரமங்கலம் தலைமையாசிரியரிடமும் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பவித்ரா பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். முதல் நாள் என்னைத் தூரத்தில் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டாள். நடையில் லேசான தாங்கல் இருந்தது. மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், பேசினார்கள், கேட்டேன். வாரங்கள் போயின. அவள் வரவில்லை. அவளை அனுப்பும் என்று நான் ஜெபிக்கவில்லை. என்னால் அவளுக்கு இன்னொரு காயம் வேண்டாம் என்று மட்டும் ஜெபித்தேன்.

கடைசி வாரம் புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கதவருகில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லோணும். நீங்க நடுவுல பேசக் கூடாதுங்க."

"சரி கண்ணு," என்றேன்.

அவள் சொன்னாள். சேற்றில் கிடந்தபோது வலியைவிட வகுப்பு சிரித்த சத்தம்தான் கேட்டுக்கொண்டே இருந்தது என்றாள். "எங்கப்பா ஏணியில ஏறுறதப் பாத்தாலே உங்க சத்தம் வருமுங்க. அவரு கையப் பாக்கவே எனக்கு வெக்கமாப் போச்சு. அவரு என்னங்க தப்புப் பண்ணாரு? நொம்ப நாளு அவருகிட்ட நான் பேசலைங்க."

ரிசல்ட் பற்றி மேலிடத்தில் நெருக்கினார்கள், அன்று எனக்குத் தலைவலி, நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தது. கர்த்தர் சாட்சி, என் வாய் திறக்கவில்லை. அடக்கியது நான் அல்ல. பாதி மணி நேரத்துக்கு மேல் அவள் பேசினாள். முடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ சொன்னது அத்தனையும் நெசம் கண்ணு," என்றேன். "நான் செஞ்சது பெரிய தப்பு. உங்கப்பாகிட்டயும் தப்பு."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரலைங்க," என்றாள். "சொல்லோணும்னுதான் வந்தேன். சொல்லிட்டேன்." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பேச வேறு ஒரு ஆலோசகரைப் பேராசிரியை ஏற்பாடு செய்தார். அவள் ஒத்துக்கொண்டாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

அடுத்த நாளே என் தலைமையாசிரியையிடம் போய் அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். நான் பவித்ராவிடம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தேன். "இதை எல்லா டீச்சருக்கும் உங்க வாயால சொல்வீங்களா?" என்று கேட்டார். சொன்னேன். அது எனக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு டீச்சர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தாங்கள் சொன்ன வார்த்தைகளைச் சொல்லி அழுதார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து எடுத்தேன். தேர்வு முடிவு வந்தது அதற்கு ஒன்றரை மாதம் கழித்துத்தான். தேறியிருந்தேன். தேவனுக்கே மகிமை.

இப்போது எனக்கு மூன்று கணக்கு வகுப்புகள்தான். மற்ற நேரம் நூலகத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறேன். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. பிள்ளைகள் வருகிறார்கள். சிலர் வந்து எதுவும் பேசாமல் மணி அடித்ததும் போய்விடுகிறார்கள். அவர்களோடு நானும் சும்மா இருக்கிறேன்.

அன்பானவர்களே, நான் கேட்ட ஜெபங்களில் பாதிக்கு ஆண்டவர் இல்லை என்றார். அந்த 'இல்லை'யில்தான் என்னை இரட்சித்தார். உங்கள் வார்த்தையால் ஒடிந்த ஒரு பிள்ளை உங்களுக்கும் இருக்கலாம். அது உங்கள் சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம். மறைக்காதீர்கள். என்ன சொன்னீர்களோ அதைக் குறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் உங்கள் முன்னால் வந்து நின்றால் உங்கள் வாயை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் கேளுங்கள்.