பிஸ்கெட்டின் வயிற்றில் இல்லாத கவர்

திருப்போரூரில் கால்நடை கிளினிக் திறந்த முதல் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போர்டில் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்சி. என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னதும் நான்தான். அந்தத் திமிரோடுதான் பிஸ்கெட்டைப் பார்த்தேன்.

கோவளத்தில் மீன் கடை வைத்திருக்கும் கன்னியம்மாவின் நாய் அவன். பத்து நாளாக வாந்தி. எக்ஸ்-ரேயில் குடல் முழுக்கக் காற்று. எலும்பு இல்லை. எக்ஸ்-ரேயில் பிளாஸ்டிக் கவர் தெரியாது; அதனால் அதுதான் என்று முடிவு கட்டினேன்.

"மீன் கவரை முழுங்கியிருக்கான். ஆபரேஷன்ல எடுத்துடுவேன்" என்றேன்.

"எடுத்துடு கண்ணு. அவன் துன்னாம எனக்கும் சோறு எறங்கல."

வயிற்றைத் திறந்து குடலை முழம் முழமாகத் தடவிப் பார்த்தேன். கவர் இல்லை. எதுவுமே இல்லை. நல்ல குடல் கிள்ளினால் சுருங்கும். இது பலூன் மாதிரி உப்பி, அசையாமல் கிடந்தது.

உதவியாளர் ஏழுமலை அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "டாக்டரம்மா, வெளிய கெடக்குற கவர் ஒண்ணக் காட்டிடலாம். அந்தம்மா நிம்மதியா பூடும்."

ஆசையாகத்தான் இருந்தது. காட்டினால் என் பெயர் நிற்கும். வாந்தி நிற்காது.

அண்ணனை நாயிடம் நிறுத்திவிட்டு, கன்னியம்மா காத்திருந்த கதவருகே போனேன்.

"கவர் இல்லம்மா. நான் சொன்னது தப்பு. குடல் நகரவே இல்ல. ஏன்னு தெரியணும்னா ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பணும். தையல் கசிஞ்சா உசுருக்கு ஆபத்து."

"இல்லாத கவருக்கா எம் புள்ள வயித்தக் கிழிச்ச? படிச்சவதான நீ?"

அவள் கதவிடுக்கு வழியே பிஸ்கெட்டை எட்டிப் பார்த்தாள்.

"வெட்டாம வுட்டா?"

"பொழைக்க மாட்டான்."

"அப்ப போய் வெட்டு. இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற?"

குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் ஒரு சிறு துண்டு எடுத்தேன். மேலடுக்கை மட்டும் சுரண்டியிருந்தால் நோய் சிக்கியிருக்காது. ரிப்போர்ட் வந்தது: குடல் தசையிலும் அதற்குள் ஓடும் நரம்புகளிலும் அழற்சி. அடைப்பே இல்லாமல் அடைப்பு போலக் காட்டும் நோய். பல நாய்கள் தப்புவதில்லை என்பதையும் கன்னியம்மாவிடம் சொன்னேன். தையல் ஆறியதும் ஸ்டீராய்டு, குடலை நகர்த்தும் மருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூழ்.

மூன்றாவது வாரம் பிஸ்கெட் என் கிளினிக் தரையிலேயே கெட்டியாக வெளிக்குப் போனான். ஏழுமலை அண்ணன் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

"இரு அண்ணாத்த, கண்ணு குளிரப் பாத்துக்குறேன்!" என்று கன்னியம்மா கை தட்டினாள்.

இன்றும் அவனுக்குச் சின்ன டோஸ் மாத்திரை உண்டு. எப்போது வேண்டுமானாலும் நோய் திரும்பலாம். இப்போதைக்குக் கடை வாசலில் காக்காய் விரட்டுகிறான்.

புதிதாக வேலைக்கு வரும் டாக்டர் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால், அதையே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். துண்டு எடுக்காமல் மூடாதீர்கள்.

கோவளத்தில் என் டிகிரி யாருக்கும் தெரியாது. கன்னியம்மா இப்படித்தான் ஆள் அனுப்புகிறாள்: "கவர் டாக்டராண்ட போ. இல்லாதத இல்லன்னு சொல்லிடும்."