ஆடாத கை

அம்மை குத்துகிற வீரய்யா, ஊரே குடியை விட்ட பிறகு குடிக்கத் தொடங்கியவர். மதுவிலக்கு வந்த மறு வருடம், ஆலங்குடிக்கு வெளியே ஒரு முந்திரிக்காட்டில் யாரோ நீட்டிய அரை கிளாஸ் அவரை மாலை வரை படுக்கவைத்தது. எட்டு வருடத்தில் அது நாலு கிளாஸ் ஆயிற்று. இப்போது படுப்பதற்கில்லை, எழுந்து நிற்பதற்கு. காலையில் இரண்டு போட்டால்தான் ஊசி கையில் நிற்கும். கைக்குழந்தைகளின் தோளில் அவர் போட்ட கீறல் ஒன்றுகூடக் கோணியதில்லை. வாடையை வெற்றிலை பார்த்துக்கொண்டது.

அம்மைப்பால் பெட்டிக்கு அடியில் பாட்டிலைக் கண்ட அன்றும் மனைவி மீனம்மாள் சத்தம் போடவில்லை.

"குடிச்சா ஆடணும், திட்டணும். நீங்க ஒண்ணும் செய்யலை. எந்த நேரம் எந்த ஆளுகூட இருந்தேன்னே எனக்குத் தெரியலை."

அரிமளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட்டுவிட்டு வந்து கூப்பிட்டால் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். பிள்ளையில்லாத வீடு. வீரய்யா பழக்கத்தில் இரண்டு பேருக்குப் பொங்கி, மறுநாளும் அதையே சாப்பிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. மச்சான் முத்துராமன் கொடுத்த காபியில் பாதி வேட்டியில் சிந்தியது.

"காலையிலேயே ஏத்திக்கிட்டா வாரீங்க, மாப்பிள்ளை?"

"மூணு நாளாத் தொடலை மச்சான்."

"அதான் தெரியுதே. டம்ளரே பயந்து நடுங்குது."

அடுப்படி வாசலில் நின்ற மீனம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். "இத்தனை வருசத்துல இவரு இப்படி ஆடி நான் பார்த்ததில்லை அண்ணே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்ப வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெங்கராஜ் நாடி பிடித்துப் பார்த்தார்.

"சாராயம் மூளையை அமுக்குதுங்க. மூளை சும்மா இருக்குமா? உள்ள இருக்கிற ரசாயனத்தை மாத்திக்கிட்டு எதிர்ப்பக்கமாத் தள்ளும். அதனாலதான் நாலு கிளாசும் ஒங்களைச் சாய்க்கலை. இப்ப அமுக்குறது போயிருச்சு. தள்ளுறது மட்டும் நிக்கலை."

"அப்ப நான் குடிக்காததுதான் இப்படித் தெரியுதா?"

"ஆமா. ஒரு வாரம், பத்து நாளு பொறுங்க, அடங்கும். ஆனா தனியா இருக்கக் கூடாது. வலிப்பு வந்தாலும் வரும். பக்கத்துல ஆளு வேணும். வீட்ல யாரு இருக்கா?"

வீரய்யா சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தார். கடைசியில் டாக்டர்தான் போட்டுவிட்டார்.

அந்த ஆள் வர வேண்டுமானால் கை நிற்க வேண்டும். கை நிற்க அந்த ஆள் வர வேண்டும். புதன்கிழமை வரை யோசித்துப் பார்த்தார். பிறகு முந்திரிக்காட்டுக்கு நடந்தார்.

அடுத்த ஞாயிறு இரண்டு கிளாஸ் போட்டு, கிராம்பை மென்றுகொண்டு அரிமளம் போனார். காபி ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இப்பத்தான் மாப்பிள்ளை, மாப்பிள்ளையா வந்திருக்காரு," என்றார் முத்துராமன். மீனம்மாள் துணியை மூட்டை கட்டினாள். பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுச் சொர்ணத்திடம் அவள், "எங்க வீட்டுக்காரரு குடியைத் தொட்டே வருசமாச்சு," என்று சொல்வது அவர் காதில் விழும். நெசத்தைச் சொல்ல இரண்டு மூன்று முறை வாயெடுத்தார். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்ததும் வேறு ஏதோ கேட்டார்.

வருடத்துக்கு ஒருமுறையாவது குடியை விட்டுப்பார்த்தார். அவள் எதிரில் ஆடக் கூடாது. அதனால் கேம்ப் என்று சொல்லிவிட்டு, லீவு போட்டு இலுப்பூர்ப் பக்கம் எங்காவது ஒரு கிராமத்தில் ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் தங்குவார். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால்களுக்கு நடுவே கைகளை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் கடைசியாகப் போனபோது இரண்டாம் நாள் மத்தியானம் வரை குடிக்காமல் தாங்கினார். அதற்கு மேல் தாங்க, பக்கத்தில் யாராவது இருக்க வேண்டியிருந்தது.