பத்து மடங்கு

எங்கள் துறைத் தலைவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிப்ளமோ கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வந்தவர் அவர்தான். எனக்கு விழுந்தது மின்னழுத்தப் பெருக்கி. டயோடும் கெபாசிட்டரும் அடுக்கி, சின்ன வோல்டேஜைப் பல மடங்காக்கும் சர்க்யூட். நூறு வோல்ட் வரவேண்டிய இடத்தில் அளந்து பார்த்த ஸ்கோப்பின் திரை பத்துதான் காட்டியது. "பெருக்கல் வாய்ப்பாடாவது தெரியுமா ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தி ஃபெயில் போட்டார். ஒயர்களை எடுத்துவைக்கும்போதுதான் பார்த்தேன். ஸ்கோப்பிலிருந்து சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் புரோபில் அரிசியளவு சுவிட்ச் ஒன்று உண்டு. எனக்கு முன் செய்தவர்கள் அதை ×10இல் விட்டுப் போயிருந்தார்கள். அப்படி இருந்தால் ஸ்கோப் பத்தில் ஒரு பங்குதான் காட்டும். நாம்தான் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஓடிப்போய்ச் சொன்னேன். "மார்க் போட்டாச்சும்மா" என்றார்.

ஒருவர் செலவழிக்கும் ரூபாய் அடுத்தவருக்கு வருமானமாகி, கைமாறிக் கைமாறிப் பல மடங்காகும் என்று பொருளாதாரம் படித்த என் அண்ணன் சொல்வான். அந்த ஃபெயிலும் அப்படித்தான் வளர்ந்தது. அரியர் விழுந்தது, கைக்கு வந்த வேலை போனது, எங்கள் ஊர் முதுநகர் முழுக்க என் பேச்சு. கடைசியில் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் லேப் டெக்னீஷியன் ஆனேன். அங்கேயே அவர் தலைவராக வந்து சேர்ந்தார். அவருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

போன வருடம் ஆய்வுக்குழு வந்தது. தன் பெருமையைக் காட்டத் தலைவர் அதே பெருக்கியைச் செய்துகாட்ட வைத்தார். கீரப்பாளையத்து மாணவி ஒருத்தி இணைத்திருந்தாள். புரோப் ×10இல் இருந்ததைப் பார்த்தேன். சரிசெய்வதுதான் என் வேலை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தி நன்றாகவே வேலை செய்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஸ்கோப் பத்து காட்டியதும் அவர் முகம் வெளிறியது. சத்தியமாக, தித்தித்தது.

அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "ஒனக்கெல்லாம் எவன் சீட்டு குடுத்தான்?"

அவள் அழுதுவிட்டாள்.

"அவ மேல தப்பில்ல சார். புரோப் பத்துல இருக்குது. பத்தால பெருக்குங்க. வாய்ப்பாடு தெரியுமில்ல?" என்றேன். குழுவில் ஒருவர் சிரித்தார். தலைவர் கூனிக் குறுகிப் போனார்.

எல்லோரும் போனபின் அவள் வந்தாள். "அக்கா, நீங்க மொதல்லயே பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப அவரு என்னத் திட்டுற வரைக்கும் ஏன் சும்மா இருந்தீங்க?"

அவரைத் தலைகுனிய வைத்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அவளிடம்தான் அதன்பிறகு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.