உள்ளறையில் பதில் சொன்னவள்

நம்பினால் நம்புங்கள், நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது பட்டப்பகலில்.

வீட்டிலேயே இறந்துபோனவர்களின் குடும்பத்தைத் தேடிப் போய், கடைசி நாட்களில் என்ன செய்தது என்று விசாரிப்பது என் வேலை. நான் எழுதி வருவதைப் படித்துத்தான் எங்கள் டாக்டர் சாவின் காரணத்தை முடிவு செய்வார். எது கொல்கிறது என்று தெரிந்தால்தானே அதற்கான மருந்து அந்த ஊருக்குப் போகும்? ஆனால் எந்த வீட்டில் கேட்டாலும் "காய்ச்சல்" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் அதிகாரியோ, "ஏதாவது ஒண்ணு போட்டு முடிங்கம்மா" என்பார்.

அன்று போனது ஒரு லாரி ஓட்டுநரின் வீட்டுக்கு. எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குழந்தையும் தங்கவில்லை. முன்னறையில் அவரும் அவர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"அவங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"காய்ச்சல்தான்," என்றார் ஓட்டுநர்.

"தொட்டுப் பாத்தீங்களா?"

"நான் வெளியூர் லோடுல இருந்தேன். அம்மாதான் கூட இருந்தாங்க."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுருண்டு படுத்துக் கெடந்தா. விடிஞ்சு பாத்தா உசுரு இல்ல. காய்ச்சலாத்தான் இருக்கும்."

எனக்கு எரிச்சல் பொங்கியது. இருக்கும், இருக்கும்... இதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்?

"தலைவலி இருந்துச்சா?"

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"இருந்துச்சு."

உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல். மெதுவாக, கரகரப்பாக. யாரோ சொந்தக்காரப் பெண் என்று நினைத்தேன். அப்பாடா, விவரம் தெரிந்த ஒருத்தியாவது இருக்கிறாளே.

கதவைப் பார்த்தே கேட்டேன். "எத்தனை நாளா?"

"நாலு நாளா. மண்டையே பொளந்துடும்போல."

"கண்ணு?"

"மங்கிடுச்சு. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது."

"வீக்கம்?"

"மூஞ்சி, கை, காலு... செருப்புகூட ஏறல."

மளமளவென்று எழுதினேன்.

"அப்புறம்?"

"வெட்டி வெட்டி இழுத்துச்சு. அதுக்கு மேல..."

கட்டில் கிறீச்சிட்டது.

"...எனக்குத் தெரியல."

என் பேனா நின்றது.

நிமிர்ந்தேன். இருவரும் என்னையே வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்றார் ஓட்டுநர்.

"உள்ள..."

அவர் எழுந்து கதவைத் திறந்தார்.

வெறும் கட்டில். மூடிய ஜன்னல்.

யாரும் இல்லை.

அப்போது... என் காதோரம்...

"எழுதிட்டீங்களா?"

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது.

எழுதியதை டாக்டரிடம் கொடுத்தேன். "கர்ப்பத்துல ரத்த அழுத்தம் ஏறி வந்த வலிப்பு. இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதே இல்லையே. யார் சொன்னது?" என்றார்.

"வீட்டுல இருந்தவங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த வாரம் அந்தப் பகுதி நர்ஸைப் பார்த்தேன். அந்த வீட்டைச் சொன்னதும் அவர் முகம் வாடியது.

"சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என்கிட்ட வந்தா. தலையைத் தலையைத் தொட்டுக் காட்டினா. பிரஷர் மிஷின் ரிப்பேர். எனக்கும் ஒண்ணும் புரியல."

"வாயைத் திறந்து சொல்லலையா?"

நர்ஸ் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவளுக்குப் பொறந்ததுலேருந்தே பேச்சு வராதே."