கேட்காமல் பதிந்த பாட்டு

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு கேசட் கடையில் பாட்டு பதிந்து கொடுத்தவன் நான். இந்தத் தொழிலில் மண்டையை உடைத்துக்கொண்ட சக பாவிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை: எந்தப் பட்டியலும் நாடாவை முழுசாக நிரப்பாது.

மிச்ச நாடா

எண்பதுகளின் தொடக்கம் அது. வாடிக்கையாளர் துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதித் தருவார். நான் இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிவேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஏழு பாட்டு ஏறியதும் மூணு நாலு நிமிஷம் சும்மா கிடக்கும். இரண்டாம் பக்கத்து மிச்சத்தில் எனக்குப் பிடித்த புதுப் பாட்டு ஒன்றைச் சேர்த்துவிடுவேன். பினாங்கிலிருந்து வரும் தட்டுகளை முதலில் கேட்பவன் நான்தானே, அந்தச் சந்தோஷத்தை யாருக்காவது பங்கு கொடுக்க வேண்டாமா?

தெலுக் இந்தான் ஊரிலிருந்து வரும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் மறுவாரமே வந்து நின்றார். "தம்பி, நான் கேட்டது பதினாலுதான்லா. பதினஞ்சாவதா வந்து உக்காந்திருக்கே, அது யாரு வீட்டு விருந்தாளி?"

சுவரைப் பார்த்துப் பாடியவர்

லெட்சுமி அக்கா ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய தம்பி மணியம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தான். ஏழு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்த பழைய பாட்டுகளைக் கேட்டாலாவது வாய் திறப்பானா என்று அக்காவுக்கு ஓர் ஆசை.

படத்தின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது, மெட்டுதான் தெரியும். கடையில் ஆட்கள் இருந்ததால் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லப் பாடிக் காட்டினார். அவர் பாடப் பாட நான் தட்டுகளைத் தேடி எடுத்தேன். "இதெல்லாம் அவன் பாடிக்கிட்டே பால்மரம் வெட்டுன பாட்டுண்ணே," என்றார்.

கை செய்த தப்பு

பழக்கதோஷம், கை சும்மா இருக்கவில்லை. கடைசி நாலு நிமிஷத்தில் எலெக்ட்ரிக் டிரம் அதிரும் புதுப் பாட்டு ஒன்றைப் பதிந்துவிட்டேன். கேசட் கைமாறிய பிறகுதான் உறைத்தது. நோயாளிக்குப் போகிற கேசட்டில் இப்படியா செய்வது? 

திங்கட்கிழமை அக்கா வந்தார். கண் கலங்கியிருந்தது. பழைய பாட்டெல்லாம் ஓடி முடிகிறவரை மணியம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். என் பாட்டு வந்ததும் நிமிர்ந்தானாம்.

"அண்ணே, அவன் பேசிட்டான்! 'இந்த எழவ நிறுத்துக்கா'ன்னு சொல்லிட்டான்!"

பிடிக்காத பாட்டுகள்

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கடையிலிருந்த அத்தனை தட்டுகளிலும் அதுதான் எனக்கு உயிர். அக்காவோ அதே மாதிரிப் பாட்டாக ஒரு முழுக் கேசட் கேட்டார். எனக்கு ரொம்பப் பிடித்ததாகப் பொறுக்கிப் பதிந்து கொடுத்தேன்.

ஞாயிறுதோறும் மணியம் ஒவ்வொரு பாட்டையும் திட்டினான். அக்கா வேண்டுமென்றே அதற்குப் பரிந்து பேசினார். பாட்டில் ஆரம்பித்த சண்டை சாப்பாடு, வீடு, வேலை என்று பேச்சாக நீண்டது. டாக்டர்களின் மருந்தும் வேலை செய்திருக்கும், அதை மறுக்கவில்லை. மறுவருஷம் வீடு திரும்பிய மணியம் நேரே கடைக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க நல்லவருண்ணே. காதுதான் சரியில்ல."

அத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் பிடித்த பாட்டாகவே பதிந்து கொடுத்தேன். ஒரு மனுஷனைப் பேச வைத்தது என்னவோ என்னுடைய மட்டமான ரசனைதான்.