தேவசகாயத்தின் பெட்டி

நீங்கள் நம்பாமல் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இடுக்கி மலையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் இருந்தால் லைட் எரியும், இல்லாவிட்டால் எரியாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் எஸ்டேட் பக்கம் டவர் சரியாகக் கிடைக்காது. அதனால் நானூறுக்கு மேற்பட்ட வீடுகளில் கையடக்கமான ரேடியோ பெட்டி வைத்தோம். போனில் அடிக்கிற செய்தியை ஒரு வீட்டுப் பெட்டி வாங்கி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும், அது அதற்கடுத்த வீட்டுக்கு. நடுவில் தலைமை என்று ஒன்று கிடையாது. பார்த்துக்கொள்கிறவன் நான். மனைவி குவைத்தில் நர்ஸ். காலையில் எழுந்ததும் எந்தெந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று பட்டியலைப் பார்ப்பேன், பல நாள் எனக்குத் துணை அந்தப் பெயர்கள்தான்.

இப்படி ஒன்றை நடத்துகிறவன் முதலில் கற்கிற பாடம், ஒரே பெட்டியை நம்பி இரண்டு பக்கம் இருக்கக்கூடாது என்பது. தெரிந்தே அந்தத் தப்பைச் செய்தேன். மலை உச்சியில் தேவசகாயம் என்ற பெரியவர் வீட்டுப் பெட்டி ஒன்றுதான் எங்களையும் மலைக்கு அந்தப்பக்கத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளையும் சேர்த்தது. மழைக்கு முன்னால் அவர் இறந்துபோனார். மகள் ஸ்டெல்லா பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்கண்ணே. ஆளில்லாத வீட்ல இது மட்டும் மினுக்கு மினுக்குன்னு எரியுறதப் பாக்க முடியல."

பேட்டரியைக் கழற்றி வேறொன்றுக்குப் போட்டுவிட்டு, கூட்டை மட்டும் அலமாரியில் வைத்தேன். பட்டியலில் அவர் பெயரையும் எடுத்துவிட்டேன். உச்சியில் புதுப் பெட்டி வைக்க வேண்டும், நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் மழை பிடித்துக்கொண்டது, அந்தப்பக்கத்துக்குத் தொடர்பே இல்லாமல் போயிற்று.

ஒரு மத்தியானம், எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கியிருந்தது, மண் சரிந்து ரோடும் அடைத்துவிட்டது. என் பெட்டி சத்தம் கொடுத்தது. 'அண்ணே வலி வந்துருச்சு. அவரு வேலைக்குப் போயிட்டாரு. ஜீப் அனுப்புங்க. ஜெயா.'

ஜெயா அந்தப்பக்கத்துப் பெண். அங்கிருந்து எப்படி வந்தது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை, போனை மேசையிலேயே போட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜீப்பில் நானும் ஏறி, பழைய எஸ்டேட் ரோடு வழியாகப் போய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை.

கடைக்குத் திரும்பிய பிறகுதான் செய்தி வந்த வழியைப் பார்த்தேன். எந்தெந்தப் பெட்டியைத் தாண்டி வந்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கும். கடைசியில், எனக்கு முன்னால், தேவசகாயம். பெட்டிக்குப் பெட்டி நம்பர் வேறு, சரிபார்த்தேன், அவருடையதேதான். அலமாரியைத் திறந்தேன். வெறும் கூடு வைத்த இடத்திலேயே இருந்தது.

ஏதோ மெஷின் கோளாறு என்று மனதை அடக்கிக்கொண்டேன். பத்து நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனபோது ஜெயா சொன்னாள்:

"நீங்க ஒடனே பதில் போட்டீங்கல்லண்ணே, அதப் பாத்துத்தான் தைரியமா கெடந்தேன்."

நான் பதிலே போடவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். 'கேட்டுச்சு தாயி. சொல்லிட்டேன். கதவத் தெறந்து வையி.' அனுப்பியது தேவசகாயம். வலியில் ஜெயா அனுப்பியவர் பெயரைக் கவனிக்கவில்லை.

வருகிற வழியில் ஸ்டெல்லாவிடம், உன் அப்பா போனில் செய்தி அடிப்பாரா என்று மட்டும் கேட்டேன்.

"அப்பாவுக்கு எழுத்தே தெரியாதேண்ணே. வர்றதெல்லாம் நாந்தான் படிச்சுச் சொல்லணும். ஏன் கேக்குறீங்க?"

ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். இப்போது உச்சியில் இரண்டு புதுப் பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் 'கேட்டுச்சு' என்ற அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. பெயரை நான் எடுத்துவிட்ட பிறகும், அத்தனை நாளும் அவர் அங்கே தனியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாரா?