விளக்கடியில் காராமணி

அடிக்கிற வெயில் போதாதென்று செடிக்கு மேலே விளக்கையும் கட்டி, அது எப்படி வாடுகிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஓசோன் படலம் மெலிந்து புற ஊதாக் கதிர் கூடினால் காராமணி என்ன ஆகும்? இதுதான் என் பிஎச்.டி. 2003, 2004 வாக்கில், புதுச்சேரியில் ஒரு கல்லூரி மொட்டை மாடியில் ஒரு வரிசைத் தொட்டிகளுக்குப் புற ஊதா விளக்கு, அடுத்த வரிசைக்கு வெறும் வெயில். இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆராய்ச்சி மாணவராக இருந்து அவதிப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களும் கேளுங்கள்.

ஈரப் புடவை

ஒரு நாள் மாடி ஏறினால், என் விளக்குச் சட்டத்தின் மேல் ஈரப் புடவை ஒன்று விரித்துக் கிடக்கிறது. அடியில் அத்தனை தொட்டியும் நிழலில். லேபைக் கூட்டிப் பெருக்கும் செல்வி அக்காவின் புடவை. விசாரித்தால், இரண்டு வாரமாகவே நடக்கிறதாம்! இரண்டு வாரக் கணக்கும் பாழ். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வரிசையையும் பிடுங்கி எறிந்தேன். மறுபடி விதைக்க வேண்டும். அக்கா அசரவே இல்லை. புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"செடிக்கு ஆகாத வெளிச்சம்னு நீதானம்மா சொன்ன? பாவமேன்னு மூடி வெச்சேன்."

கண்ணாடி

செடி வளர வளர விளக்கை உயர்த்திக் கட்ட வேண்டும். அதற்கென்று பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்கியிருந்தார்கள். ஒன்றே ஒன்று. அதையும் என் கைடு தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார், விருந்தினர் வந்தால் காட்ட. கேட்டுக் கேட்டு அலுத்து, ஒரு நாள் வெறுங்கண்ணோடு கட்டினேன்.

அன்று சாயங்காலம் ரெட்டியார்பாளையத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல எரிச்சல். இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் சிவந்த கண்ணோடு போய் நின்று, "கண்ணாடியக் குடுங்க சார்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"விளக்கை ஏன் பாக்கற? செடிய மட்டும் பாரு. உன் தீசிஸ் செடியப் பத்தித்தானே?"

பொரியல்

மறுபடி விதைத்து, காய் பிடித்து, திங்கட்கிழமை பறித்து எடை போட வேண்டும். திங்கட்கிழமை போனால் வெயில் வரிசையில் ஒரு காய் இல்லை! விளக்கு வரிசையில் மட்டும் நாலைந்து குட்டைக் காய்கள் சுருண்டு தொங்கின. ஒப்பிட ஆள் இல்லாமல் அவற்றை வைத்து என்ன செய்வது? தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, ஆபீசில் போய்க் கத்தினேன். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கிளார்க் ஒருவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒத்துக்கொண்டார்:

"முத்துனா வீணாப் போயிடும்னு பறிச்சேம்மா. விளக்கு வரிசைய நான் தொடல, அத எவன் தின்னுவான்?"

எண்கள்

கைடு பதறவில்லை. "போன வருஷ நோட்டுல இருக்கற எடையப் போட்டு எழுதிடு" என்றார். மாட்டேன் என்றேன். "கையெழுத்து நான்தான் போடணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். அப்புறம் நாலு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கி, சாவியை என் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, மூன்றாவது தடவை விதைத்தேன். தண்ணீர் சுமந்தது முதல் எடை போட்டது வரை நானே. விளக்கு வரிசை குட்டையாக, இலை தடித்து ஓரம் சுருண்டு, பாதிக்கும் குறைவாகக் காய்த்தது. ஒரு வருஷம் தாமதமாகத் தீசிஸ் கொடுத்தேன். பழைய எடையைப் போடச் சொன்ன சங்கதி வெளி ஆட்கள் வரைக்கும் தெரிந்துவிட்டதால் கையெழுத்தை அவரால் மறுக்க முடியவில்லை.

வாய்மொழித் தேர்வு முடிந்து, வெளியூர்த் தேர்வாளரை நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரிக்கு அழைத்துப் போனார் கைடு. காரில் பின் சீட்டில் நான். "எடையெல்லாம் ரொம்ப நேர்மையா எடுத்திருக்காங்க" என்றார் தேர்வாளர். என் கைடு முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்:

"நம்பர் விஷயத்துல நான் ரொம்பக் கறார் சார்."

செடிகள் பட்ட பாட்டை நூற்றெண்பது பக்கம் எழுதி டாக்டர் பட்டம் வாங்கிவிட்டேன். நான் பட்ட பாட்டை எழுதினால் எந்தக் கைடு கையெழுத்துப் போடுவார் என்றுதான் தெரியவில்லை.